படைத்துறை அதிகாரிப் பயிலுநர்களின் ஆளுமைப் பண்புகளும் அறநெறி விழுமியங்களும்

படைத்துறை அதிகாரிப் பயிலுநர்களின் ஆளுமைப் பண்புகளும் அறநெறி விழுமியங்களும் என்பது படைத்துறை உளவியல், ஒழுக்கவியல், கல்வியியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் ஓர் ஆய்வுப் புலமாகும். அதிகாரிப் பயிலுநர் என்போர் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் அதிகாரியாக ஆணை பெறுவதற்கு முன், அதற்குரிய கல்விக்கழகத்தில் பயிற்சி பெறுபவர்கள் ஆவர். இவர்கள் பொதுவாகக் கடேட் என அழைக்கப்படுகின்றனர். எத்தகைய இயல்புடையோரைத் தெரிவு செய்ய வேண்டும், அவ்வியல்புகளைப் பயிற்சியால் மாற்ற முடியுமா, போர்க்களத்தில் பிறர் உயிர் மீது அதிகாரம் பெறப்போகும் ஒருவரிடம் அறவுணர்வை எவ்வாறு வளர்ப்பது என்பன இப்புலத்தின் அடிப்படை வினாக்களாகும்.

இருபது வயதைச் சற்றே கடந்த இளம் லெப்டினன்ட் ஒருவர் ஏறத்தாழ முப்பது படைவீரர்களைக் கொண்ட அணியொன்றுக்குப் பொறுப்பேற்கிறார். மேலதிகாரி அருகில் இல்லாத நிலையில், குறைந்த தகவலுடன், குறைந்த நேரத்தில் முடிவெடுக்கும் கட்டாயம் அவருக்கு ஏற்படலாம். அம்முடிவு தம் வீரர்களின் உயிரையும், எதிரியின் உயிரையும், போரில் தொடர்பற்ற குடிமக்களின் உயிரையும் பாதிக்கக்கூடியது. ஆகவே அதிகாரியின் அறிவுத்திறனுக்கு நிகராக அவரது பண்பும் முதன்மையானதாகக் கருதப்படுகின்றது.

பண்பும் விழுமியமும்

ஆளுமைப் பண்பு என்பது ஒருவரின் சிந்தனை, உணர்வு, நடத்தை ஆகியவற்றில் காலப்போக்கில் பெரிதும் மாறாது காணப்படும் போக்கைக் குறிக்கும். இன்று உளவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஐம்பெரும் பண்புக் கோட்பாடு ஆளுமையைப் பின்வரும் ஐந்து பரிமாணங்களாக வகுக்கின்றது.

- புறமுகத்தன்மை: பிறருடன் எளிதில் பழகுதல், முன்வந்து பேசுதல்
- கடமையுணர்வு: ஒழுங்கு, பொறுப்பு, தொடங்கியதை முடித்தல்
- இணங்கும் தன்மை: பிறர் மீது நம்பிக்கை, பரிவு, ஒத்துழைப்பு
- உணர்ச்சி நிலையின்மை: கவலை, சினம் முதலியவற்றுக்கு எளிதில் ஆட்படுதல்
- புதியன ஏற்கும் தன்மை: கற்பனை, ஆர்வம், மாற்றுக் கருத்துகளுக்கு இடமளித்தல்

விழுமியம் என்பது இதனின்று வேறானது. ஒருவர் எதை உயர்ந்தது எனக் கருதுகிறார், எதற்காக எதை விட்டுக்கொடுக்க முன்வருகிறார் என்பதை அது காட்டுகின்றது. பண்பு ஒருவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதைக் கூறினால், விழுமியம் அவர் எதன் பொருட்டு அவ்வாறு நடந்துகொள்வார் என்பதைக் கூறுகின்றது எனலாம். மன உறுதி மிக்க ஒருவர் அவ்வுறுதியை நன்மைக்கும் பயன்படுத்தலாம், தீமைக்கும் பயன்படுத்தலாம். துணிவு, விரைந்து முடிவெடுத்தல், குழுவைத் தன்வயப்படுத்துதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பண்புகளை மட்டும் அளந்து அதிகாரிகளைத் தெரிவு செய்தல் போதாது என்ற கருத்து இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகின்றது.

வரலாறு

ஐரோப்பியப் படைகளில் அதிகாரிப் பதவி நெடுங்காலம் பிறப்பாலும் செல்வத்தாலும் பெறப்பட்டது. பிரித்தானியத் தரைப்படையில் பதவிகளை விலைக்கு வாங்கும் வழக்கம் 1871 ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. நற்குடிப் பிறந்தவரிடம் நற்பண்பு இயல்பாகவே அமைந்திருக்கும் என்பது அக்கால நம்பிக்கையாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் கல்விக்கழகம், பிரான்சின் செயின்ட் சிர் கல்விக்கழகம் ஆகிய இரண்டும் 1802 இல் நிறுவப்பட்டன. அதிகாரியைப் பயிற்சியால் உருவாக்க முடியும் என்ற எண்ணம் இத்தகைய நிறுவனங்களின் வழியே வலுப்பெற்றது.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் செருமானியப் படை, அதிகாரித் தெரிவில் உளவியலாளர்களை ஈடுபடுத்தியது. மாக்ஸ் சிமோனைட் என்பவர் இம்முயற்சியின் முதன்மை உளவியலாளராக விளங்கினார். எழுத்துத் தேர்வை மட்டும் நம்பாது, விண்ணப்பதாரரைப் பணி ஒன்றில் ஈடுபடுத்தி அவரது முழு ஆளுமையையும் கவனிப்பது அவர்களது முறையாகும். இவ்வமைப்பு 1942 இல் கலைக்கப்பட்டது.

அதே 1942 ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை, போர் அலுவலகத் தெரிவு வாரியங்களைத் தொடங்கியது. அதுவரை சிறு நேர்காணல் மூலமே அதிகாரிகள் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் பலர் பயிற்சியில் தோல்வியுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டமையே புதிய முறைக்கு வழிவகுத்தது. உளமருத்துவர் வில்பிரட் பயான் உருவாக்கிய தலைவரற்ற குழுச் சோதனை இதன் மையமாக அமைந்தது. ஒரு குழுவுக்குத் தலைவர் எவரையும் நியமிக்காமல் பணி ஒன்று தரப்படும். தன்னை முன்னிறுத்திக் கொள்பவர் யார், குழுவின் பணி நிறைவேற உழைப்பவர் யார் என்பதை மதிப்பீட்டாளர்கள் கவனிப்பர். எரிக் டிரிஸ்ட், ஜான் போல்பி ஆகியோரும் இப்பணியில் பங்கு கொண்டனர். இம்முறை பிற்காலத்தில் குடிசார் நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு முறைகளுக்கும் முன்மாதிரியாயிற்று.

இந்தியத் தெரிவு முறை

பிரித்தானிய முறையைப் பின்பற்றி 1943 இல் தேராதூனில் சோதனை முறையிலான தெரிவு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. இன்றைய பணித் தெரிவு வாரியம் (எஸ். எஸ். பி.) இதன் வழிவந்ததாகும். இதற்கான உளவியல் ஆய்வுகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் இயங்கிய உளவியல் ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்தது. தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கான தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்களும், வாரியத்தின் மதிப்பீட்டுக்கு 900 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆளுமைக்கு அளிக்கப்படும் இடத்தை இதிலிருந்து அறியலாம்.

அதிகாரிக்குரிய பதினைந்து பண்புகள்

வாரியம் தேடும் 15 பண்புகள் நான்கு தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன.

1. திட்டமிடலும் ஒழுங்கமைத்தலும்: நடைமுறை அறிவு, பகுத்தறியும் திறன், ஒழுங்கமைக்கும் திறன், வெளிப்படுத்தும் ஆற்றல்
2. சமூக இசைவு: சூழலுக்கேற்பப் பழகும் திறன், ஒத்துழைப்பு, பொறுப்புணர்வு
3. சமூக ஆற்றல்: தானே முன்வந்து செயற்படுதல், தன்னம்பிக்கை, முடிவெடுக்கும் விரைவு, குழுவை ஈர்க்கும் திறன், உற்சாகம்
4. செயலூக்கம்: மன உறுதி, துணிவு, தாங்குதிறன்

சோதனைகள்

சோதனைகள் ஐந்து நாட்கள் நடைபெறுவது வழமை. முதல் நாளில் நுண்ணறிவுச் சோதனையும், படம் ஒன்றைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாக விவாதிக்கும் சோதனையும் நடத்தப்பட்டு ஒரு பகுதியினர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். எஞ்சியோர் மூன்று வகையான மதிப்பீட்டுக்கு உள்ளாகின்றனர்.

உளவியலாளரின் சோதனைகள் எழுத்து வடிவிலானவை. படக்கதைச் சோதனையில் 30 நொடிகள் காட்டப்படும் படத்துக்கு 4 நிமிடங்களில் கதை எழுத வேண்டும். இவ்வாறு பதினொரு படங்களும், இறுதியில் வெற்று அட்டை ஒன்றும் காட்டப்படும். சொல் தொடர்புச் சோதனையில் 60 சொற்கள், ஒவ்வொன்றும் 15 நொடிகள் வீதம் காட்டப்பட, மனத்தில் முதலில் எழும் கருத்தை எழுத வேண்டும். சூழ்நிலை எதிர்வினைச் சோதனையில் 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். இறுதியாகப் பெற்றோர், ஆசிரியர், நண்பர் ஆகியோர் தம்மைப் பற்றி என்ன கருதுகின்றனர் என்பதையும், தம்மைப் பற்றித் தாம் கருதுவதையும் எழுத வேண்டும். சிந்தித்து விடையை அழகுபடுத்த நேரம் தராமையே இச்சோதனைகளின் உத்தியாகும்.

குழுச் சோதனை அதிகாரி திறந்தவெளியில் பணிகளைத் தருகிறார். குழு விவாதம், குழுத் திட்டமிடல், மரப்பலகை, கயிறு, கட்டை ஆகியவற்றைக் கொண்டு தடைகளைக் கடத்தல், குறுகிய உரை, தனியாள் தடைகள், ஒருவரைத் தலைவராக்கிச் செய்யப்படும் கட்டளைப் பணி என்பன இவற்றுள் அடங்கும். மூன்றாவது மதிப்பீட்டாளர் நேர்காணல் அதிகாரியாவார். விண்ணப்பதாரரின் குடும்பம், கல்வி, விளையாட்டு, பொது அறிவு முதலியன பற்றி அவர் விரிவாக வினவுவார்.

இம்மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு இறுதி நாளில் ஒன்றுகூடி முடிவெடுக்கின்றனர். ஒருவரின் எண்ணமும் சொல்லும் செயலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே இம்மும்முனை மதிப்பீட்டின் நோக்கமாக விளக்கப்படுகின்றது. மனம், வாக்கு, காயம் என்று தமிழ் மரபு கூறும் மூன்றையும் இது ஒத்துள்ளது. மேற்கண்ட 15 பண்புகளுள் நேர்மை என்பது தனிப் பண்பாக இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூன்று மதிப்பீடுகளுக்கிடையே காணப்படும் முரண்பாடுகளின் வாயிலாகவே அது பெரும்பாலும் வெளிப்படுகின்றது.

ஆளுமை பற்றிய ஆய்வுகள்

அதிகாரிப் பயிலுநர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளுள் வெஸ்ட் பாயின்ட் ஆய்வுகள் பரவலாக அறியப்பட்டவை. அங்கு முதலாண்டுப் பயிலுநர்கள் கடுமையான கோடைப் பயிற்சியுடன் தம் வாழ்வைத் தொடங்குகின்றனர். நல்ல மதிப்பெண்களுடன் சேர்ந்தவர்களுள்ளும் சிலர் அப்பயிற்சியின்போதே விலகிவிடுவதுண்டு.

ஏஞ்சலா டக்வொர்த்தும் அவரது குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில் 1,218 புதிய பயிலுநர்கள் பங்கு கொண்டனர். நீண்டகால இலக்கில் ஆர்வமும் விடாமுயற்சியும் குன்றாதிருத்தல் என்ற பண்பு, கல்விக்கழகம் பயன்படுத்தி வந்த சேர்க்கை மதிப்பெண்ணைக் காட்டிலும் கோடைப் பயிற்சியை முடிப்பவர்களைச் சிறப்பாக முன்கணித்தது. ஆயினும் கல்வி மதிப்பெண்களை முன்கணிப்பதில் அது அத்தகைய சிறப்பைப் பெறவில்லை. 11,258 பயிலுநர்களை உள்ளடக்கி 2019 இல் வெளியான விரிவான ஆய்வும் இதனையொத்த முடிவைத் தந்தது. கல்வி, படைத்துறை மதிப்பெண்களுக்கு அறிவுத்திறனும், பட்டம் பெறும் வரை நிலைத்திருப்பதற்கு விடாமுயற்சியும் உடல் திறனும் கூடுதலாகத் துணைநின்றன. விடாமுயற்சி என்பது ஐம்பெரும் பண்புகளுள் ஒன்றான கடமையுணர்விலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று என்ற மறுப்பும் உள்ளது. மார்க்கஸ் கிரீடே முதலியோர் 2017 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதனை வலியுறுத்தியது.

போல் பார்ட்டோன் முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, தலைமைத்துவம் சூழலுக்கேற்ப வெவ்வேறு பண்புகளைச் சார்ந்திருப்பதைக் காட்டியது. கோடைக் களப்பயிற்சியில் புறமுகத்தன்மையும் உளத்திண்மையும் நல்ல தலைமைக்குத் துணைநின்றன. கல்விக் காலத்தில் அறிவுத்திறன், கடமையுணர்வு, உளத்திண்மை ஆகியன முதன்மை பெற்றன. இங்கு உளத்திண்மை என்பது ஈடுபாடு, தன் வாழ்வு தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற நம்பிக்கை, இடர்களை அறைகூவலாக ஏற்றல் ஆகிய மூன்றின் சேர்க்கையாகும். 1979 இல் சூசன் கோபாசா இக்கருத்தை முன்வைத்தார்.

படையில் சேரும் நோக்கமும் ஆராயப்பட்டுள்ளது. ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, பேரி சுவார்ட்சு முதலியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு 11,320 வெஸ்ட் பாயின்ட் பயிலுநர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதிகாரியாக வேண்டும் என்ற உள்ளார்ந்த விருப்பம் உடையோர் பட்டம் பெறவும் படையில் நிலைக்கவும் கூடுதல் வாய்ப்புப் பெற்றிருந்தனர். அவ்விருப்பத்துடன் நல்ல வேலை, வருமானம் போன்ற புற நோக்கங்களும் வலுவாக அமைந்திருந்தால் அவ்வாய்ப்பு குறைந்தது. இரு நோக்கங்கள் சேர்ந்தால் ஊக்கம் இரட்டிப்பாகும் என்ற பொது எண்ணத்துக்கு இது மாறானதாகும்.

படைப்பயிற்சி ஆளுமையை மாற்றுமா என்ற வினாவுக்குச் செருமானிய இளைஞர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஓரளவு விடை தருகின்றது. ஜோசுவா ஜாக்சன் முதலியோர் 2012 இல் இதனை வெளியிட்டனர். படைப்பணியைத் தேர்ந்தெடுத்தோர், குடிசார் பணியைத் தேர்ந்தெடுத்தோரை விடத் தொடக்கத்திலேயே இணங்கும் தன்மை, உணர்ச்சி நிலையின்மை, புதியன ஏற்கும் தன்மை ஆகியவற்றில் குறைவாக இருந்தனர். பயிற்சிக்குப் பின் இணங்கும் தன்மையில் இரு சாராருக்கும் இடையே வேறுபாடு மேலும் கூடியது. அவ்வேறுபாடு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் மறையவில்லை. இவ்வாய்வு அதிகாரிப் பயிலுநர்களை மட்டும் கொண்டதன்று. ஆயினும் படைப்பயிற்சியின் தடம் ஆளுமையில் நீடிக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

அறநெறி விழுமியங்கள்

விழுமியப் பட்டியல்கள்

பல நாடுகளின் படைகள் தம் விழுமியங்களைப் பட்டியலாக அறிவித்துள்ளன. ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை பற்றுறுதி, கடமை, மதிப்பளித்தல், தன்னலமற்ற பணி, கண்ணியம், நேர்மை, துணிவு ஆகிய ஏழினைக் கூறுகின்றது. பிரித்தானியத் தரைப்படையின் பட்டியலில் துணிவு, ஒழுங்கு, பிறரை மதித்தல், நேர்மை, பற்றுறுதி, தன்னலமற்ற ஈடுபாடு ஆகிய ஆறு உள்ளன.

பட்டியல்கள் எளிதில் மனப்பாடமாகும். ஆனால் விழுமியங்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் பட்டியல் வழிகாட்டுவதில்லை. நண்பனுக்குக் காட்டும் பற்றுறுதியும் உண்மை பேசும் நேர்மையும் முரண்படும்போது எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே பயிலுநர் எதிர்கொள்ளும் மெய்யான அறச்சிக்கலாகும்.

செட்வுட் நெறி

இந்தியப் படைத்துறைக் கல்விக்கழகம் 1932 அக்டோபர் 1 ஆம் நாள் தேராதூனில் பயிற்சியைத் தொடங்கியது. முதல் அணியில் இருந்த 40 பயிலுநர்களுள் சாம் மானெக்சா, முகம்மது மூசா, சுமித் டன் ஆகியோர் பின்னாளில் முறையே இந்தியா, பாகிசுத்தான், பர்மா ஆகிய நாடுகளின் தரைப்படைத் தலைவர்களாயினர். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று நடைபெற்ற தொடக்க விழாவில் படைத்தளபதி பிலிப் செட்வுட் ஆற்றிய உரையின் ஒரு பகுதி, இன்றளவும் இந்திய அதிகாரிகளின் நெறியாகப் போற்றப்படுகின்றது. நாட்டின் பாதுகாப்பும் மதிப்பும் நலனும் எப்போதும் முதலிடம் பெற வேண்டும். தன் கீழுள்ள வீரர்களின் நலனும் வசதியும் அடுத்த இடம் பெற வேண்டும். தன் சொந்த வசதி எப்போதும் இறுதியாகவே அமைய வேண்டும் என்பது அதன் சாரமாகும்.

இந்நெறி விழுமியங்களை வெறும் பட்டியலாகத் தராமல் வரிசைப்படுத்தித் தருகின்றது. முரண்பாடு ஏற்படும்போது எது முந்தும் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றது. வீரர்கள் உண்ட பின்னரே அதிகாரி உண்பது போன்ற நடைமுறைகள் இதன் அன்றாட வடிவங்களாகும்.

கண்ணிய நெறி

வெஸ்ட் பாயின்ட் பயிலுநர்களின் கண்ணிய நெறி நான்கு கூறுகளைக் கொண்டது. பொய்யுரைத்தல், ஏமாற்றுதல், திருடுதல் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டுள்ளன. இவற்றைச் செய்பவரைக் கண்டும் வாளாவிருத்தல் நான்காவது குற்றமாகும். டக்ளசு மக்ஆர்தர் அக்கல்விக்கழகத் தலைவராக இருந்தபோது, அதுவரை வழக்காக இருந்த இந்நெறியைக் காப்பதற்கான பயிலுநர் குழு முறைப்படி ஏற்கப்பட்டது.

நான்காவது கூறே மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது. உடன் பயில்பவரைக் காட்டிக்கொடுப்பது நட்புக்குத் துரோகம் எனப் பயிலுநர் பலர் கருதுவதுண்டு. போர்க்களத்தில் தன் அணியினரின் குற்றத்தை மறைக்கும் அதிகாரி பெருந்தீங்கு விளைவிப்பார். ஆகவே அப்பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே களைய வேண்டும் என்பது நெறியின் ஆதரவாளர் வாதமாகும்.

இந்நெறி பலமுறை மீறப்பட்டுள்ளது.

- 1951 இல் தேர்வுகளில் ஏமாற்றியமைக்காக 90 பயிலுநர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் பலர் கால்பந்து அணியினர்.
- 1976 இல் மின்பொறியியல் வீட்டுப்பாடம் ஒன்றில் ஏமாற்றியமை தொடர்பில் ஏறத்தாழ 150 பேர் வெளியேறினர். விண்வெளி வீரர் பிராங்க் போர்மன் தலைமையிலான ஆணைக்குழு, பயிலுநர்களை மட்டும் குறை கூறாது, நிறுவனத்துக்கும் இதில் பொறுப்புண்டு என்று கூறியது. வெளியேறியவர்களுக்கு மீண்டும் சேர வாய்ப்பளிக்கப்பட்டது. மீறலுக்கு வெளியேற்றமே ஒரே தண்டனை என்ற நிலையும் மாறியது.
- 2020 இல் பெருந்தொற்றுக் காரணமாகத் தொலைவிலிருந்து எழுதப்பட்ட நுண்கணிதத் தேர்வில் 70க்கும் மேற்பட்டோர் ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். 8 பேர் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் ஓராண்டு பின்தள்ளப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தொடர்ந்து பயில வழி செய்திருந்த ஒரு நடைமுறை 2021 இல் கைவிடப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்திலும் 1992 இல் நடைபெற்ற மின்பொறியியல் தேர்வு தொடர்பில் 1994 இல் 24 பேர் வெளியேற்றப்பட்டனர். கடும் தண்டனை ஒழுக்கத்தை வளர்க்குமா, அல்லது மறைப்பதில் திறமையை வளர்க்குமா என்ற வினா இந்நிகழ்வுகளால் தொடர்ந்து எழுப்பப்படுகின்றது.

சீருடை அணிந்த குடிமகன்

1955 இல் அமைக்கப்பட்ட மேற்கு செருமானியப் படை வேறொரு வழியைத் தேர்ந்தது. நாசி ஆட்சியில் கட்டளைக்கு அடிபணிதலே அறமாகக் கொள்ளப்பட்டதன் விளைவுகளை அறிந்திருந்தமையால், சீருடை அணிந்த குடிமகன் என்ற கருத்தை அது ஏற்றது. வொல்ப் வான் பவுடிசின் இதன் முதன்மைச் சிந்தனையாளர் ஆவார். இதன்படி படைவீரர் தம் குடியுரிமைகளையும் மனச்சான்றையும் பாசறை வாயிலில் விட்டுவிடுவதில்லை. மனித மாண்பையும் அரசியலமைப்பையும் மதித்தலே கீழ்ப்படிதலின் அடித்தளமாகும்.

பண்பா, சூழலா

நற்பண்புடையவர் எச்சூழலிலும் நன்றே செய்வார் என்ற நம்பிக்கையை உளவியல் ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கியுள்ளன. ஹியூ ஹார்ட்சோர்ன், மார்க் மே ஆகியோர் 1928 முதல் 1930 வரை வெளியிட்ட ஆய்வுகளில், ஓரிடத்தில் நேர்மையாக நடந்த பள்ளிச் சிறுவர் மற்றோரிடத்தில் ஏமாற்றியமை தெரியவந்தது. ஸ்டான்லி மில்கிராம் 1963 இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வாளரின் கட்டளைக்குப் பணிந்து 40 பேரில் 26 பேர், முன்பின் அறியாத ஒருவருக்கு மிக உயர்ந்த அளவு மின்னதிர்ச்சி தருவதாக நம்பி விசையை அழுத்தினர். உண்மையில் அங்கு மின்னதிர்ச்சி எதுவும் தரப்படவில்லை.

கட்டளைக்குப் பணிதலை அன்றாட வாழ்வாகக் கொண்ட அதிகாரிப் பயிற்சிக்கு இம்முடிவுகள் மிகவும் பொருந்துவன. களைப்பு, அச்சம், உறக்கமின்மை, தோழரின் இறப்பால் எழும் சினம் ஆகியன போர்க்களத்தில் ஒன்றுசேர்கின்றன. ஆல்பர்ட் பண்டுரா விளக்கிய அறத்துண்டிப்பு என்ற உளச்செயல்முறையும் அங்கு எளிதில் நிகழக்கூடியது. எதிரியை மனிதரல்லாதவராகக் கருதுதல், கொடுஞ்செயலுக்கு மென்மையான பெயர் சூட்டுதல், பொறுப்பை மேலதிகாரி மீது சுமத்துதல் என்பன அதன் வடிவங்களாகும். ஆகவே நல்லவரைத் தெரிவு செய்வது மட்டும் போதாது. நல்லவர் தவறும் சூழல்களை அவருக்கு முன்கூட்டியே உணர்த்துவதும், அத்தகைய சூழல்களை உருவாக்காதிருக்க அதிகாரியைப் பழக்குவதும் இன்றியமையாதவை எனக் கருதப்படுகின்றது.

கீழ்ப்படிதலும் சட்டமுரணான கட்டளையும்

1968 மார்ச் 16 ஆம் நாள் வியட்நாமின் மை லாய் பகுதியில் ஆயுதமற்ற ஊர்மக்களை ஐக்கிய அமெரிக்கப் படையினர் கொன்றனர். இறந்தோர் எண்ணிக்கை அமெரிக்க மதிப்பீட்டில் 347, வியட்நாமிய மதிப்பீட்டில் 504 ஆகும். அணித்தலைவர்களுள் ஒருவரான லெப்டினன்ட் வில்லியம் காலி, முந்திய ஆண்டில் அதிகாரிப் பயிற்சியை முடித்தவர். கட்டளையை நிறைவேற்றியதாக அவர் கூறிய வாதம் ஏற்கப்படாது 1971 இல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

அதே நாளில் அங்கு பறந்த உலங்கு வானூர்தி ஓட்டி ஹியூ தொம்சன், தம் வானூர்தியை ஊர்மக்களுக்கும் படையினருக்கும் இடையே தரையிறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். நிகழ்ந்ததை மேலிடத்துக்கும் அறிவித்தார். தொடக்கத்தில் பலரால் தூற்றப்பட்ட அவருக்கும் அவரது குழுவினர் இருவருக்கும் 1998 இல் படைவீரர் பதக்கம் அளிக்கப்பட்டது. ஒரே படை, ஒரே நாள், ஒரே இடம் ஆகியவற்றில் இருவேறு முடிவுகள் எடுக்கப்பட்டமையால், இந்நிகழ்வு பல நாடுகளின் படைத்துறை ஒழுக்கவியல் பாடங்களில் இடம்பெறுகின்றது.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கின்றது. இந்தியாவின் 1950 ஆம் ஆண்டு தரைப்படைச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, மேலதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறுவதையே குற்றமாக்குகின்றது. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள், அவற்றின் விதிகளைப் படையினருக்குக் கற்பிக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கின்றன. தன் கீழுள்ளோர் செய்யும் போர்க்குற்றங்களைத் தடுக்கத் தவறிய தளபதியும் பொறுப்பாளி என்ற கோட்பாடும் பன்னாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றுள்ளது. இதனால் கீழ்ப்படியக் கற்பிக்கும் அதே நிறுவனம், கீழ்ப்படியக் கூடாத தருணத்தை அறியவும் கற்பிக்க வேண்டியுள்ளது.

கற்பித்தல் முறைகள்

ஜேம்சு ரெஸ்ட் என்னும் உளவியலாளர் அறச்செயலை நான்கு படிகளாகப் பகுத்தார். ஒரு சூழலில் அறச்சிக்கல் உள்ளதை உணர்தல், எது சரி எனத் தீர்மானித்தல், பிற நலன்களை விட அதற்கு முதன்மை அளித்தல், இடையூறுகளைத் தாண்டிச் செய்து முடித்தல் என்பன அவை. வகுப்பறைப் பாடம் பெரும்பாலும் இரண்டாம் படிக்கே உதவுகின்றது. ஏனைய படிகளுக்குப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

- உண்மை நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு குழுவாக விவாதித்தல்
- களப்பயிற்சியின் நடுவே குடிமக்கள், கைதிகள், காயமுற்ற எதிரி ஆகியோர் தொடர்பான சிக்கல்களைப் புகுத்துதல்
- மூத்த பயிலுநர்களுக்கு இளையோர் மீது வரையறுக்கப்பட்ட பொறுப்பை வழங்குதல்
- உடன் பயில்வோரின் மதிப்பீட்டைப் பெறுதல்
- பயிற்சி அதிகாரிகள் தாமே எடுத்துக்காட்டாக நடந்துகொள்ளல்

இவற்றுள் இறுதியாகக் கூறியது மிகவும் வலிமையானது எனக் கருதப்படுகின்றது. பாடநூலில் நேர்மையைப் படிக்கும் பயிலுநர், கணக்கேடுகளில் சிறு பொய்களைக் காண்பாராயின், நடைமுறையில் எது செல்லும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

சென்னைப் பரங்கிமலையில் 1963 இல் தொடங்கப்பட்டு, 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கல்விக்கழகம் என்ற பெயருடன் விளங்கும் நிறுவனம், குறுகிய காலப் பணிக்கான அதிகாரிகளைப் பயிற்றுவிக்கின்றது. கண்ணியத்துடன் பணி செய்தல் என்பது அதன் குறிக்கோள் ஆகும். இந்தியத் தரைப்படையின் பெண் அதிகாரிகள் 1992 முதல் இங்கு பயிற்சி பெற்று வருகின்றனர். தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் 2022 இல் சேர்ந்த முதல் பெண்கள் அணியினர் 2025 மே மாதம் பயிற்சியை முடித்தனர். ஆண்களை மட்டும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட தலைமைப் பண்புகளை மீளாய்வு செய்யும் தேவையை இம்மாற்றங்கள் உண்டாக்கியுள்ளன.

விமர்சனங்கள்

- ஆளுமைச் சோதனைகளில் எதிர்பார்க்கப்படும் விடையை ஊகித்து எழுத முடியும். இந்தியாவில் பணித் தெரிவு வாரியத் தேர்வுக்கெனவே தனியார் பயிற்சி நிலையங்கள் பல இயங்குகின்றன. பயிற்சியால் பெற்ற விடைகள் மெய்யான ஆளுமையைக் காட்டுமா என்பது ஐயத்துக்குரியது.
- படக்கதை போன்ற புறத்தேற்றச் சோதனைகளின் நம்பகத்தன்மை குறித்து உளவியலாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது.
- பயிலுநர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் மதிப்பெண், பட்டம் பெறுதல் ஆகியவற்றையே வெற்றியாகக் கொள்கின்றன. நல்ல பயிலுநராக விளங்குவதும், போரில் நல்ல அதிகாரியாக விளங்குவதும் ஒன்றல்ல.
- பரவலாக அறியப்பட்ட ஆய்வுகள் மேலை நாடுகளில், குறிப்பாக ஒரே கல்விக்கழகத்தில், நடத்தப்பட்டவை. அவற்றின் முடிவுகளைப் பிற பண்பாடுகளுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.
- மூத்தோர் இளையோரைத் துன்புறுத்தும் பகிடிவதை பல நாடுகளின் கல்விக்கழகங்களில் நிகழ்ந்துள்ளது. மன உறுதியை வளர்ப்பதாகக் கூறி நியாயப்படுத்தப்படும் இவ்வழக்கம், வலியவர் எளியவரை வருத்தலாம் என்ற தவறான பாடத்தையே கற்பிக்கின்றது.

இவ்விமர்சனங்கள் இருப்பினும், அதிகாரித் தெரிவில் ஆளுமை மதிப்பீட்டையோ, பயிற்சியில் அறநெறிக் கல்வியையோ கைவிட வேண்டும் என்று வாதிடுவோர் குறைவு. தெரிவு, பயிற்சி, நிறுவனச் சூழல் ஆகிய மூன்றையும் இணைத்தே நோக்க வேண்டும் என்பது இன்று வலுப்பெற்றுவரும் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஆளுமை உளவியல்
- ஒழுக்கவியல்
- தலைமைத்துவம்
- ஜெனீவா உடன்படிக்கைகள்
- தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம்
- மில்கிராம் சோதனை